நத்தாருக்கு ஒரு நறுமணச் செடி

மேலைநாடுகளில் நத்தார் வீட்டை மணக்கச் செய்யும் செடிகளுள் றோஸ்மேரியும் ஒன்று. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மத்தியதரைக் கடலோரம். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குச் சென்ற வழியில் மாதா தமது நீல மேலாடையை இதன்மேல் விரித்ததால் வெண்பூக்கள் நீலமாயின என்பது ஐரோப்பியரின் பழங்கதை.

இளந்தண்டை 4 அங்குல நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, நிழலில் ஈரமணலில் ஊன்றுவோம். சில வாரங்களில் வேர்விடும். பின் அடியில் துளையுள்ள சாடியில், மணல் கலந்த மண்ணில் நட்டு, 6 மணி நேரமாவது வெயில் படவைப்போம். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மாரிமழை கொட்டும்போது சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவைப்போம்.

சொந்தக் காணி இல்லையே என்று தயங்கவேண்டாம். சாடியில் வேரூன்றிய செடி, நாம் இடம்மாறினாலும் கூடவே வரும்.