கருவிலேயே தெரியும் பித்தநாள நீர்க்கட்டி... குழந்தை பிறந்ததும் மலத்தின் நிறத்தைக் கவனிங்க!

'கருவின் கல்லீரலுக்குக் கீழே நீர்க்கட்டி.' ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருந்தால், அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அது பித்தநாள நீர்க்கட்டி என்றால், அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது என்பது முதல் ஆறுதல்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் பித்தநாளம். அது பிறவியிலேயே பலூன்போல உப்பியிருப்பதுதான் பிரச்னை. பெண் குழந்தைகளிடமே அதிகம். மேற்கத்திய நாடுகளைவிட ஜப்பான் போன்ற ஆசிய நாடுகளில் அதிகம்.

ஸ்கேனில் கறுப்பு உருண்டையாகத் தெரிவதெல்லாம் இதுவல்ல. குடல் அடைப்பாகவோ, சினைப்பைக் கட்டியாகவோகூட இருக்கலாம். (அதற்காக, 'அப்போ பெண் குழந்தையா?' என்று டாக்டரிடம் கேட்காதீர்கள். சொல்வது சட்டப்படி குற்றம்.) கட்டியோடு பித்தநாளம் இணைந்திருக்கிறதா, கலர் டாப்ளரில் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை அளவெடுப்பார்கள். கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை.

உண்மையான சிக்கல் பிறந்த பிறகுதான். பித்தநாளமே அடைபட்டிருக்கும் 'பிலியரி அட்ரீசியா' என்ற நோயிலும் சில சமயம் இதேபோல நீர்க்கட்டி தெரியும். ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அடைப்பு என்றால் காத்திருக்க நேரமில்லை. ஜப்பானிய மருத்துவர் கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையை, குழந்தைக்கு 60 நாள்கள் ஆவதற்குள் செய்தால்தான் கல்லீரல் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம்.

'பிறந்த குழந்தைக்கு மஞ்சள் சகஜம், காலை வெயில்ல காட்டு' என்பார்கள் பாட்டிகள். இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது. மலம் வெள்ளையாகவோ, களிமண் நிறத்திலோ போனாலும், சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலும் அன்றே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

அடைப்பில்லாத வெறும் நீர்க்கட்டி என்றால் சற்று நிதானிக்கலாம். சில வாரங்களோ மாதங்களோ கழித்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியைப் பித்தநாளத்தோடு இணைப்பார்கள். 'தொந்தரவுதான் இல்லையே' என்று விட்டுவிட்டால் தொற்று, கல், கணைய அழற்சி, பெரியவர்களானபின் புற்றுநோய்வரை வரலாம்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் ஸ்கேன் ஃபைலை மறக்காமல் எடுத்துப்போங்கள். அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு, குழந்தைக்கு இப்படியொரு கட்டி இருப்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.