கண்ணுக்கு எட்டிய தூரம்

1965 செப்டம்பரில் எங்கள் மாட்டுங்கா வீட்டுச் சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். பிளாக் அவுட். கார்களின் முகப்பு விளக்குகளில் பாதிக்குக் கறுப்புச் சாயம். பகலானால் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடி வானத்தைப் பார்ப்போம். ஒன்றும் வந்ததில்லை.

வந்தது மேற்கு வங்கத்தில். செப்டம்பர் 7 காலை, டாக்காவிலிருந்து வந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் கலைகுண்டா தளத்தில் நின்றிருந்த நம் விமானங்களை எரித்துவிட்டுப் போயின. சில மணி நேரத்தில் மறுபடி நான்கு சேபர்கள். மறித்தவை நம் பக்கத்தில் இரண்டே ஹண்டர் விமானங்கள். ஒன்றில் ஆல்ஃபிரட் குக், இன்னொன்றில் மம்கைன். இரு தரப்பும் தத்தம் விமானப்படையின் 14ஆம் ஸ்குவாட்ரன் என்பது ஒரு விசித்திரம். சண்டை மரங்களின் உச்சிவரை இறங்கியது. காரக்பூர் ஐஐடி மாணவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹண்டரின் மூக்கடியில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் சில விநாடிகளில் காலி. குறி தப்பாதிருக்கச் சில நூறு மீட்டருக்குள் நெருங்கவேண்டும். எதிரி எந்தப் பக்கம் சாய்கிறான், எப்போது திரும்புவான் என்பதை அவன் இறக்கையைப் பார்த்துத்தான் அறியவேண்டும். குக்கின் குண்டுகள் தீர்ந்தே போயின. விழுந்த சேபரை ஓட்டியவர் அஃப்சல் கான்; அவர் பிழைக்கவில்லை. குக்கும் மம்கைனும் திரும்பினார்கள். இருவருக்கும் வீர் சக்ரா.

அதற்கும் 48 ஆண்டுகள் முன்பு, 1917 அக்டோபரில், ஹர்தித் சிங் மாலிக் என்ற இந்திய விமானி ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் பல ஜெர்மானிய விமானங்களுக்கு நடுவே சிக்கினார். மரச் சட்டத்தில் துணி போர்த்திய விமானம். பாராசூட் கிடையாது. காலில் குண்டு பாய்ந்த நிலையில் தரையைத் தொட்டார். விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள். பின்னாளில் பிரான்சுக்கு இந்தியத் தூதராகப் போனார்.

இன்றைய நிலையை 18ஆம் ஸ்குவாட்ரனை வைத்துச் சொல்லலாம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் ஒற்றை நாட் விமானத்தில் சேபர்களை எதிர்த்து நின்று, திரும்பி வராத நிர்மல்ஜித் சிங் செகோனின் படை அது. 2020இல் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபிறப்பெடுத்தது. நாட் விமானத்துக்கு இரண்டு பீரங்கிகள். தேஜஸுக்கான அஸ்திரா ஏவுகணை 100 கிலோமீட்டர் பாயும். மாட்டுங்காவில் புறப்பட்டால் கிட்டத்தட்ட புனே. ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போது விபத்து நேர்ந்தாலும் இருக்கையோடு வெளியே பாய்ந்து பிழைக்கலாம். 2016வரை பெண்களுக்குத் திறக்காத போர் விமான அறை, அவனி, பாவனா, மோகனா மூவருக்குத் திறந்தது. மோகனா சிங் இப்போது அதே 18இல் தேஜஸ் ஓட்டுகிறார். இந்த லாபங்களில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாலிக்குக்கு ஒரு பாராசூட்டாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

ஆனால் எதிரி இப்போது திரையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அணையும்போது அஃப்சல் கான் என்ற பெயர் யாருக்கும் நினைவுக்கு வர வழியில்லை. கீழே நின்று பார்க்க மாணவர்களும் இல்லை.

2025 மே 7 அன்று மும்பையில் ஒத்திகைச் சைரன். பேத்தி செல்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பால்கனிக்குப் போய் அண்ணாந்து நின்றேன்.

“மேலே என்ன தாத்தா தேடறீங்க?” என்றாள்.