புள்ளி வைத்த எண்

2006-ல் தினமும் காலை பதினொரு மணிக்குத் தரமணி அலுவலகத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு மாதவரம் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போடுவேன். அப்பாதான் எடுப்பார். “சிஸ்டத்த பாத்தாச்சு. எழுதிக்கோ” என்பார். பிறகு எண் வரும். “அம்பத்தொம்போது. புள்ளி. தொண்ணூத்திரெண்டு. புள்ளி.” மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கேஜில் முள் நிற்கும் இடத்தைப் பார்த்து லாக் புக்கில் எழுதி, அடுத்த ஷிப்ட்காரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பழக்கம் குரலில் இருந்தது. நான் முழு எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

அந்த எண் எங்கள் வீட்டின் இணைய முகவரி. மோடம் ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிதாக ஒன்று கிடைக்கும். நேற்றைய எண் இன்று வேறு யாருடைய வீட்டிலோ இருக்கும். அதனால் தினமும் ஒரு போன்.

ரிச்சி தெருவில் அலைந்து பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. என் சொந்த வேலை முழுக்க அதில்தான் இருந்தது. கணினித் தமிழ் அப்போது ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறிக்கொண்டிருந்தது. டிஸ்கி, டாம் என்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில் அடித்து வைத்த கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் பென்டிரைவ் செருகும் இடத்தை அடைத்திருந்தார்கள். மடிக்கணினி மேலாளர்களுக்கு மட்டும். மாதவரத்துக்கும் தரமணிக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மூலக்கடையில் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் வீடு சேர இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாட்டு இடைவேளையின் அரைமணி நேரத்தில் வீட்டு மேசை முன் உட்கார அந்த எண்ணை விட்டால் வேறு வழி கிடையாது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து இணையத்தின் அளவைச் சொன்னால்தான் புரியும். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. எங்கள் தெருவுக்குப் பிராட்பேண்ட் வந்தது 2005-ல் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ தொடங்கிய பிறகுதான். மாதம் 500 ரூபாய்க்கு நொடிக்கு 256 கிலோபிட், 1 ஜி.பி. வரம்பு. அதற்கு மேல் போனால் தனிக் காசு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் கணக்குக் கிடையாது. 256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். 700 எம்.பி. கொண்ட ஒரு லினக்ஸ் சி.டி. இறங்க ஆறேகால் மணி நேரம் ஆகும். இலவசமோ ஆறு மணி நேரம்தான். அந்தக் கால்மணி நேரக் கடனுக்காக ஒரே சி.டி.யை இரண்டு இரவுகளாகப் பிரித்து இறக்குவேன். அதைத் தொடங்கவும் நிறுத்தவும் கம்ப்யூட்டருக்கே நேரம் குறித்துக் கொடுத்திருந்தேன். குறித்தபடி நடந்ததா என்று பார்ப்பதுதான் பதினொரு மணிப் போனின் முதல் வேலை.

எண் கையில் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. நடுவில் அலுவலகத்தின் ஃபயர்வால் நின்றது.

வடசென்னைக்காரனுக்குப் போர்ட் என்றால் முதலில் ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் துறைமுகம்தான் மனதில் வரும். கணினியின் போர்ட்டுக்கும் தமிழில் ‘துறை’ என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அது மிகப் பொருத்தமாகப் பட்டது. துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஃபயர்வாலை விளக்கவே வேண்டாம். வண்டி எங்கிருந்து வருகிறது, எந்தக் கேட்டுக்குப் போகிறது, காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காகிதம் இல்லாத வண்டி திரும்ப வேண்டியதுதான். கணினியில் மொத்தம் 65,535 துறைகள். எங்கள் அலுவலகத்தில் வெளியே போக இரண்டுக்கு மட்டும் அனுமதி இருந்தது: சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட வலைப்பக்கத்துக்கு 443.

வீட்டுத் திரையை அலுவலகத்தில் காட்டும் வி.என்.சி. மென்பொருளுக்கு 5900 வேண்டும். அதைக் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1998-ல் இலவசமாக விட்டிருந்தார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு 22. பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995-ல் எழுதியது அது. அவருடைய பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதால், கேட்டாலும் புரியாதபடி எல்லாவற்றையும் சங்கேதமாக்கி அனுப்பும் வழியை உண்டாக்கினார். 21-க்கும் 23-க்கும் நடுவே காலியாக இருந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். இந்த மூன்று வாசலும் எங்கள் அலுவலகத்தில் சாத்தியிருந்தன.

நான் செய்தது இதுதான். வீட்டில் எஸ்.எஸ்.ஹெச்.சை 22-ல் வைக்காமல் 443-ல் காத்திருக்க வைத்தேன். அலுவலகத்தின் இடைநிலைக் கணினியான ப்ராக்ஸி அதைப் பூட்டுப் போட்ட வலைப்பக்கம் என்று எண்ணி விட்டுவிடும். அந்தப் பாதைக்குள்ளே வி.என்.சி.யை நுழைத்து அனுப்புவேன். ‘டனல்’ போடுவது என்போம். மாதவரத்துத் திரை தரமணியில் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். வண்ணத்தை 256-க்குக் குறைத்தால் கொஞ்சம் வேகம் வரும். முதல் நாள் எலியை நகர்த்தியபோது அப்பா போனில், “இங்க அம்புக்குறி தானா நகருதுடா!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அலுவலகத்தின் காவலைத் தாண்டி ஒரு வழி போட்டால், அதே வழியில் வெளியிலிருந்தும் ஒருவர் உள்ளே வரலாம். அந்தச் சுவரைக் காத்தவர்கள் என்னைத் தடுத்தது சரிதான். அது எனக்குப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் கம்ப்யூட்டரின் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரவு முழுக்க, சில நொடிக்கு ஒரு தரம், எந்தெந்த நாட்டு எண்ணிலிருந்தோ யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றிக் கடவுச்சொல்லை முயன்றிருந்தார்கள். மனிதர்கள்கூட இல்லை, இயந்திரங்கள். உலகமெல்லாம் திறந்திருக்கும் வாசலைத் தேடித் திரிந்தவை எங்கள் பால்பண்ணைச் சாலை வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அன்றே கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்திவிட்டு, சாவிக்கோப்பு இருந்தால் மட்டும் திறக்கும்படி மாற்றினேன்.

ஃபயர்வாலைவிடப் பெரிய தடை மின்வெட்டு. 2008-க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாடே மணி பார்த்துக் கரண்டுக்குக் காத்திருந்தது. சென்னையை ஒட்டி இருந்ததால் வெளியூர்க்காரர்கள் அளவுக்கு நாங்கள் கஷ்டப்படவில்லை. ஆனாலும் கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழாது, எண்ணும் மாறிவிடும். மதர்போர்டின் அமைப்பில், மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு என்று ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினேன். எண் மாறினாலும் பெயர் மாறாமல் பார்த்துக்கொள்ளும் டைன் நிறுவனத்தின் இலவசச் சேவையில் வீட்டுக்கு ஒரு பெயரும் வாங்கினேன். அத்தோடு பதினொரு மணிப் போனுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அப்பா சில நாள் தானாகவே கூப்பிட்டு, “இன்னிக்கு நம்பர் வேணாமா?” என்று கேட்டார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அம்பு திரும்பிக்கொண்டது. நான் பதினைந்து வருடமாக அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அலுவலகமே வீட்டுக்குள் வர வழி தேடியது. அரசும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான தொலைத்தொடர்பு விதிகளைத் தளர்த்தியது. எந்த ஃபயர்வாலைத் தாண்டியது தப்போ, அதைத் தாண்டுவதற்கான வி.பி.என். சாவியை அலுவலகமே கூரியரில் அனுப்பியது. சாப்பாட்டு மேசையில் அலுவலக மடிக்கணினி. நடுக்கூடத்தில் அம்மா குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினாள்.

வழி போடும் முறையும் மாறிவிட்டது. இன்று பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்த எண் கிடையாது. முகவரிகள் தீர்ந்துபோனதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கின்றன. நூறு புள்ளி அறுபத்துநாலில் தொடங்கும் உள்ளெண் தொகுப்பு ஒன்றை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அப்பா அதை வாய்விட்டுப் படித்திருந்தாலும் தரமணியிலிருந்து எனக்குக் கதவு திறந்திருக்காது. இன்றைய கருவிகள் வாசலில் காத்திருப்பதில்லை. இரண்டு முனையும் வெளியே கிளம்பி, நடுவில் ஒரு பொது இடத்தில் எண்ணை மாற்றிக்கொண்டு, அங்கிருந்து நேராகக் கைகோக்கின்றன. 2020 மார்ச்சிலேயே லினக்ஸின் கருவுக்குள் சேர்ந்த வயர்கார்டு என்ற மென்பொருள் அந்தப் பேச்சைச் சங்கேதமாக்குகிறது. அதன் நிரல் நாலாயிரம் வரி அளவுதான். நான் படிக்கட்டில் நின்று வாங்கியதை இரண்டு சொடுக்கில் முடித்துவிடலாம்.

2022 அக்டோபரில் மாதவரத்தில் நிஜமாகவே மண்ணைக் குடைய ஆரம்பித்தார்கள். பால்பண்ணையிலிருந்து அடையாறு, தரமணி வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் மெட்ரோ பாதை. நான் கம்பியில் போட்ட டனலின் இரண்டு முனையும் அந்தப் பாதையில் இருக்கின்றன. பள்ளம் தோண்டும் வேலையில் எங்கள் தெருவின் ஃபைபர் இரண்டு முறை அறுந்தது. அந்த நாட்களில் கோபத்தைவிட, தகரத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஆசைதான் மேலோங்கியது.

ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை. கோப்புகள் எங்கோ ஒரு மேகத்தில். அலுவலகத்திலிருந்து இன்று நான் எட்டிப் பார்ப்பது வீட்டுக் கேமராவை. அம்மா மாத்திரை போட்டாளா, அப்பா வாசல் படியில் தடுமாறாமல் இறங்கினாரா என்று பார்க்கிறேன். அந்தக் கேமராவிலும் வாசலைப் பற்றிய பயம் உண்டு. 2016 அக்டோபரில், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் மிராய் என்ற நச்சுநிரல் பிடித்துச் சேர்த்து, எனக்கு முன்பு பெயர் கொடுத்த அதே டைன் நிறுவனத்தைத் தாக்கியது. பல பெரிய தளங்கள் சில மணி நேரம் தள்ளாடின. வீட்டுக்குக் கேமரா மாட்ட வருகிறவரிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரையும் நச்சரிக்கிறேன்.

அதைவிடவும் பயம் போனில் வருகிற குரல். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் நல்ல கருவிகளே திருடர்களின் கையிலும் கிடைத்தன. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லி, திரையில் வரும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தை உருவும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. எங்கள் வீட்டில் அன்புக்கு அடையாளமாக இருந்த ஒரு காரியம், ஒரு முதியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையிலிருக்கும் எண்ணைப் போனில் நிதானமாகப் படித்துச் சொல்வது, அதைத்தான் அந்தத் திருடர்கள் நம்பியிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு மதியம் அப்பாவின் செல்லுக்கு அப்படி ஒருவன் கூப்பிட்டான். கரண்ட் பில் கட்டவில்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று மிரட்டி, ஒரு செயலியை இறக்க வைத்தான். எண் வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மூன்று இலக்கம் சொன்னவர் நின்றார். “இதுல புள்ளி எங்கப்பா?” என்று அவனையே கேட்டார். புள்ளியெல்லாம் கிடையாது, சீக்கிரம் சொல்லுங்க என்று அவன் அவசரப்படுத்தியிருக்கிறான்.

எனக்குப் போன் வந்தது. “டேய், புள்ளியே இல்லாம ஒரு நம்பர் கேக்கறான். உனக்கா?”

“இல்லப்பா. யாருக்கும் சொல்லாத. மொதல்ல செல்ல ஆஃப் பண்ணு.”

“ஆஃப் பண்ணிட்டுதான் கூப்புடறேன்” என்றார். “இது லேண்ட்லைன்.”