குழந்தையை வளரவிடாத குடல் கிருமி!
வயிறு உப்புகிறது. அடிக்கடி பேதியாகிறது. எவ்வளவு ஊட்டினாலும் குழந்தை தேறவில்லை. காரணம், "ஜியார்டியா" என்ற கிருமியாக இருக்கலாம்.

இது சிறுகுடலின் சுவரில் அட்டை போல் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டின் சத்தை உடம்பில் சேரவிடாது.

முதலில் பார்த்தவர்

1681-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், தாமே செய்த பூதக்கண்ணாடியில் தம் மலத்தை வைத்துப் பார்த்தார். கிருமிகள் நெளிந்தன!

வேலூரில் ஆராய்ச்சி

2009-ம் ஆண்டில் 8 நாடுகளில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கு கொண்டது. 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை 2 வயது வரை கவனித்தார்கள். பெரும்பாலோரிடம் இந்தக் கிருமி இருந்தது. பலருக்குப் பேதியே இல்லை! ஆனால், பிறந்த 6 மாதத்துக்குள் கிருமி தொற்றிய குழந்தைகள், 2 வயதில் உயரம் சற்றுக் குறைந்திருந்தன.

மருந்து உண்டு

மெட்ரோனிடசோல் மாத்திரையைச் சில நாள் சாப்பிட வேண்டும். டினிடசோல் ஒரே வேளை போதும். சில சமயம் கிருமி மருந்துக்கு அடங்காது. அப்போது டாக்டர் வேறு மருந்து கொடுப்பார்.

தடுப்பது எப்படி?

ஆவடியோ, அம்பத்தூரோ, பூந்தமல்லியோ. கிணற்று நீரோ, குழாய் நீரோ, லாரி நீரோ, எதுவானாலும் காய்ச்சிக் குடியுங்கள். குளோரினுக்கு இந்தக் கிருமி எளிதில் சாகாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.