பட்டா வேறு, அனுமதி வேறு

வீ.கே.புதூர்ப் பக்கம் இப்போது ஒரு புதுக் கிறுக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை மேக்கரை, பண்பொழி மலையடிவாரத் தோட்டங்களில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். கூடாரம், கயிற்றுச் சறுக்கு, மலையேற்றம் என்று சாகசச் சுற்றுலா நடத்தப் போகிறார்களாம். என்ன பேப்பர் இருக்கிறது என்று கேட்டால் பட்டா நகலை நீட்டுகிறார்கள். "நம்ம பேர்லதான இருக்கு, அப்புறம் என்ன அண்ணாச்சி?"

அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது. பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் வாங்குங்கள். ஓடை புறம்போக்கு எங்கே ஓடுகிறது, வன எல்லை எங்கே முடிகிறது என்பதை நில அளவையரை வைத்து இடத்திலேயே பாருங்கள். மார்ச் மாதத்தில் நடைபாதைபோலத் தெரிவது ஜூனில் ஓடையாகிவிடும். தரகர் உங்களை மார்ச்சில்தான் கூட்டிப் போவார்.

அடுத்து, அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். 'ஹாகா' என்றால் அங்கே புரியும். இருந்தால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து இதற்கு மாற்று ஆகாது. சாகச, முகாம் சுற்றுலா நடத்துவோர் சுற்றுலாத் துறையிலும் பதிய வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

மே 17, 2024 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துப்போனது. மழை பெய்வது மேலே, குளிப்பது கீழே. இது தெரியாத அதிகாரி இங்கே யாரும் இல்லை. ஆனாலும் ஓர் உயிர் போன பிறகுதான் தடுப்பும் அபாயச் சங்கும் பற்றிப் பேச்சே வருகிறது. இயற்கை அருவியைத் திருப்பிச் செயற்கை அருவி செய்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்க, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. மேக்கரையில் மறிக்கப்படும் அனுமன் நதித் தண்ணீர் வீ.கே.புதூரில் சிற்றாற்றோடு சேர வேண்டிய தண்ணீர். ஆகவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில் எழுதுங்கள்: இந்தச் சர்வே எண்ணுக்கு எந்தெந்தத் துறை, எந்தத் தேதியில் அனுமதி தந்தது? 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுக் கொடுத்தால் ரசீது எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.

மலையேறப் போகிறவர்களுக்கும் ஒன்று. நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் "தெரிஞ்ச கைடு" கூட்டிப்போனாலும் அது அத்துமீறல்தான். மார்ச் 11, 2018 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. செண்பகாதேவி அருவிப் பாதைக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்து போகலாம். காட்டுத்தீக் காலத்தில் மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். வேறு வழி தேடாதீர்கள்.

தனியார் முகாமில் பணம் கட்டினால் பில் வாங்குங்கள், பதிவுச் சான்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்ற தாளில் கையெழுத்துப் போட்டதனாலேயே புகார் உரிமை போய்விடாது. உங்கள் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பில் வேண்டும்.