ஈறுக்குத் தையலா, பசையா?

அவசர அவசரமாகக் கறிகாய் நறுக்குகிறீர்கள். அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. "ஐயோ!" என்று விரலைத் தண்ணீரில் காட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறீர்கள். சற்று நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ரத்தம் நின்றிருக்கிறது. வெட்டின் இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பின்னே ஒட்டியது யார்? உங்கள் ரத்தமேதான்!

ரத்தத்தின் இந்த வித்தையை டாக்டர்கள் கற்றுக்கொண்டு, குப்பியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாய்க்குள்ளே, ஈறு ஆபரேஷனில்கூட, தையலுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த முடிகிறது.

"ஈறுக்கு ஆபரேஷனா?" என்று திகைக்கிறீர்களா? பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தால் நாம் என்ன செய்கிறோம்? "உடம்புச் சூடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் பல்லின் அடியில் காரை படிந்து, ஈறு பல்லை விட்டு விலகி, அங்கே ஒரு சின்னப் பை உண்டாகிறது. நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்குகிறது. பெரும்பாலும் வலி இராது. அதுதான் இதில் உள்ள அபாயம்!

பை ஆழமில்லாதிருந்தால், காரையைச் சுரண்டி எடுத்தாலே போதும். ஆழமாகிவிட்டால், மரத்துப்போக மருந்து கொடுத்து, ஈறைக் கீறி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல விலக்கி, பல்லின் வேரைச் சுத்தம் செய்யவேண்டும். பிறகு திறந்த அட்டையை மூட வேண்டுமே? அதற்குத்தான் தையல்.

இந்த "தையல்" என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். "இருக்கிறவரை இருக்கட்டும், டாக்டர்!" என்று வீட்டுக்குப் போனவர்கள், பல் ஆட்டம் கண்ட பிறகு திரும்பி வருகிறார்கள்.

தையலில் சில சங்கடங்கள் இருப்பது வாஸ்தவந்தான். நைந்த பட்டுப் புடவையைத் தைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஊசி நுழைந்த இடமெல்லாம் ஒரு துளை. ஈறிலும் அப்படியே. பட்டு நூலானால் எச்சிலை உறிஞ்சும். கிருமிகள் அதில் தங்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதைப் பிரித்தெடுக்க மறுபடி போகவேண்டும். தானே கரையும் நூல்களும் உண்டு. ஆனால் ஊசித் துளை அவற்றுக்கும் உண்டே!

வியன்னாவில் பிறந்த வழி

ரத்தத்தைப் பசையாக்கும் யோசனை பழையது. 1940ல் இங்கிலாந்தில் யங், மெடவார் என்ற இரு விஞ்ஞானிகள், வெட்டுண்ட நரம்பை ரத்தத்தின் தெளிவுநீரைக் கொண்டு ஒட்டிப் பார்த்தார்கள். 1944ல் அமெரிக்க டாக்டர்கள், தோலை எடுத்து வேறிடத்தில் பதிக்கும் சிகிச்சையில் முயன்றார்கள். ஆனால் பசைக்குப் போதிய பலமில்லை.

1972ல் வியன்னா நகரில், வாய், தாடை ரணசிகிச்சையில் தேர்ந்த ஹெலேன் மாத்ராஸ் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும், ஒட்டும் சத்தை மிகவும் அடர்த்தியாக்கி, பிராணிகளின் நரம்பைத் தையலில்லாமல் இணைத்துக் காட்டினார்கள். இன்றைய பசைக்கு அதுவே வழிகாட்டி.

அது வேலை செய்வது எப்படி? பாலில் உறைமோர் விடுகிறீர்கள், பால் தயிராகிறது. இங்கே பாலின் ஸ்தானத்தில் இருப்பது பைப்ரினோஜன். உறைமோரின் ஸ்தானத்தில் த்ராம்பின். இரண்டும் ரத்தத்திலிருந்து வருபவை. தனித்தனி ஊசிக்குழலில் இருக்கும் இவை நுனியில் கலந்து ஈறின் அடியில் விழுந்ததும், பைப்ரின் என்ற வலை பின்னிக்கொள்கிறது. தயிருக்கு ஓர் இரவு வேண்டும். இதற்குச் சில விநாடிகள் போதும்! டாக்டர் ஈறைச் சில நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். ஈறு ஆற ஆற, பசை சுமார் இரண்டு வாரத்தில் தானாகவே கரைந்துபோகிறது. பிரிக்க வேண்டிய நூல் இல்லை.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா என்ற வியாதி உள்ளவர்களுக்கு ஒரு பல்லைப் பிடுங்குவதே பெரிய கண்டம். அவர்களுக்கு மற்ற மருந்துகளோடு இந்தப் பசையும் கைகொடுத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் எல்லோருக்கும் பசையே போடலாமே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது பிறர் தானம் செய்த ரத்தத்திலிருந்து தயாராவது. 1970களின் பிற்பகுதியில், மஞ்சள்காமாலைக் கிருமி பரவும் என்ற பயத்தால், இதன் மூலச்சத்தை அமெரிக்க அரசு தடை செய்துவிட்டது. கிருமிகளை அழிக்கும் முறைகள் வந்த பின், 1998ல்தான் அங்கே பசைக்கு அனுமதி கிடைத்தது. இன்று அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் அடியோடு இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். விலையும் அதிகம். ஈறை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் பசை தாங்காது. அங்கே தையல்தான் கதி.

நோயாளியின் சொந்த ரத்தத்தையே சிறு குழாயில் எடுத்து, வேகமாகச் சுழற்றி, அதில் உறையும் பைப்ரினைப் புண்ணில் வைக்கும் முறையை 2001ல் பிரான்ஸ் தேசத்து டாக்டர் ஷூக்ரூன் வெளியிட்டார். பிறர் ரத்தம் என்ற பயம் இதில் இல்லை. ஆனால் இது பசை என்பதைவிடப் புண்ணுக்கு மெத்தை என்பதே பொருத்தம். பெரும்பாலும் இதன்மேல் தையலும் போடுவார்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கடையில் விற்கும் சாமான் ஒட்டுகிற பசையை வாயில் எவரும் பரீட்சை பார்க்கக்கூடாது!

ஆகவே, சகோதரிகளே, டாக்டர் "ஆபரேஷன்" என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். "என் ஈறுக்குப் பசை போதுமா, தையல் வேண்டுமா? பசை யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது? செலவு எவ்வளவு?" என்று தைரியமாகக் கேளுங்கள். உங்களுக்கு ரத்தம் உறைவதில் கோளாறோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பசையும் தையலும் கதவைச் சாத்துகிற தாழ்ப்பாள்தான். உள்ளே வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்வதுதான் பல்லைக் காப்பாற்றுகிறது. நாளைக் காலையில் பல் துலக்கும்போது, துப்பிய தண்ணீரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதில் சிவப்பு தெரிந்தால், தள்ளிப்போடாமல் பல் வைத்தியரிடம் போங்கள். சீக்கிரம் போனால், பசையும் வேண்டாம், தையலும் வேண்டாம்!