"முன்ன மாதிரி மாத்திரை கேட்கலீங்களே!"

"ஆரம்பத்துல நல்லாத்தான் கேட்டுச்சுங்க. தூக்கம் வந்துச்சு, சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். இப்பவும் அதே மாத்திரைதான். போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு!"

ஜூஜுவாடியிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி வரைக்கும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். தமிழில் சொன்னாலும், தெலுங்கில், கன்னடத்தில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். இப்படித் தோன்றியதும் நம்மாட்கள் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர், 'உடம்புக்குப் பழகிப்போச்சு' என்று தாங்களாகவே இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் வந்து, "இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டேன் சார், நீங்க ஒரு சூரணம் குடுங்க" என்கிறார்கள். மூன்றுமே ஆபத்து. என் வைத்தியத்தை நாடி வருகிறவரையே திருப்பி அனுப்புகிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் சித்த நூல்கள் மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்துச் சொல்கின்றன. மனதுக்கும் நோய் வரும், அதற்கும் முறையான மருந்து வேண்டும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மருந்தைத் திடீரென்று அறுத்துவிட்டு இன்னொன்றைத் தொடங்குவது எந்த வைத்தியத்திலும் சரியில்லை.

முதலில் இந்த மாத்திரை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் தெரியும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூஆக்ஸெடின் போன்றவை அப்படி இல்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரமும் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். இரண்டு மூன்று தடவை நோய் திரும்பியவர்களுக்கு 2 வருஷம், அதற்கு மேலும்கூட ஆகலாம். வேலை செய்வது மெதுவாக என்பதால், வேலை செய்யாமல் போவதும் மெதுவாகவே தெரியும். இன்று தவறவிட்ட மாத்திரையின் கணக்கு அடுத்த வாரம்தான் வந்து நிற்கும். 'ஏன் கேட்கவில்லை' என்று நாம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்புமா? திரும்பும். இங்கிலாந்தில் மாத்திரையால் நன்றாக இருந்தவர்கள் 478 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் படிப்படியாகக் குறைத்து வெறும் மாத்திரையாக மாற்றினார்கள். ஒரு வருஷத்துக்குள், நிறுத்தியவர்களில் 100-க்கு 56 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 பேருக்குத் திரும்பியது! ஆகவே மாத்திரை சாப்பிடும்போதே சோர்வு தலைகாட்டினால் அது உங்கள் குற்றமும் இல்லை, உலகத்தில் இல்லாத அதிசயமும் இல்லை. அதே சமயம், நிறுத்தியவர்கள் நிலைமை இன்னும் மோசம் என்பதையும் அந்தக் கணக்கிலேயே பாருங்கள்.

அட்டையை எண்ணிப் பாருங்கள்

'மருந்து கேட்கவில்லை' என்று வருகிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது, மருந்து வயிற்றுக்குள் போகிறதா என்பதைத்தான். கேலியாகச் சொல்லவில்லை. ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். சீட்டில் டாக்டர், 'இரவு சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருப்பார். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுக்கிறவருக்கு எது இரவு? மெஷின் பக்கத்தில் நிற்கிறவர், தூக்கம் வந்துவிடுமே என்று பயந்து மாத்திரையை ஒதுக்கிவிடுவார். காலையில் வீட்டுக்கு வந்ததும் அசதியில் மறந்துபோகும். வாரத்துக்கு 2 நாள் தவறினால் மாதத்துக்கு 8 அல்லது 9 நாள். அவரைக் கேட்டால், "தினமும் போடறேங்க" என்றுதான் சொல்வார். பொய் சொல்வதாக நினைக்கக்கூடாது, அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

ஒன்றாம் தேதி 30 மாத்திரை வாங்கினீர்கள், தினம் ஒன்று என்று வையுங்கள். 24-ஆம் தேதி மாத்திரை போட்ட பிறகு 6 மிச்சமிருக்க வேண்டும். 11 இருந்தால் 5 நாள் தவறியிருக்கிறது. மனைவியோ அம்மாவோ சத்தம் போடாமல் இதை எண்ணிப் பார்க்கலாம். தவறியது தெரிந்தால் சண்டை வேண்டாம், டாக்டரிடம் ஷிப்ட் விவரத்தைச் சொல்லுங்கள். தூக்கம் வரவழைக்காத மாத்திரையாக இருந்தால் நேரத்தை மாற்றித் தருவார். எந்த ஷிப்டானாலும் மாறாத ஒரு காரியத்தோடு, உதாரணமாகத் தூங்கி எழுந்து பல் தேய்ப்பதோடு, மாத்திரையை முடிந்து வைப்பது நல்ல வழி.

தவறவிடுவதில் மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசம் உண்டு. ஃபுளூஆக்ஸெடின் உடம்பிலிருந்து முழுக்க வெளியேற வாரக்கணக்கில் ஆகும், ஒரு நாள் விட்டால் பெரிதாகத் தெரியாது. வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் சீக்கிரம் போய்விடும். ஓரிரு நாள் விட்டாலே தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் 'சுரீர்' என்று கரண்ட் அடிப்பதுபோல ஓர் உணர்வு வரலாம். இதை, 'நோய் திரும்பிடுச்சு' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் பலர்.

இன்னொன்று. பெங்களூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்கள். அடுத்த மாதம் லீவு கிடைக்காது. பழைய அட்டையைக் காட்டி இங்கேயே மெடிக்கல் ஷாப்பில் வாங்குவார்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை தருவார்கள். மருந்தும் பவரும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருந்தால் உள்ளே க்ளோனாசெபாம் போன்ற இரண்டாவது மருந்து ஒன்று சேர்ந்திருக்கலாம். 10 மில்லிகிராம் எழுதியதற்கு 5 வந்திருக்கலாம். அட்டையின் பின்புறம் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். கண்ணாடி போட்டாவது படியுங்கள்.

இந்த க்ளோனாசெபாமைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை படபடப்பையும் தூக்கமின்மையையும் அடக்கச் சில வாரங்களுக்கு இதைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். போட்ட அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் இதுதான் 'நல்ல மாத்திரை'! ஆனால் உண்மையில் உடம்புக்குப் பழகிப்போவது இதுதான். சில மாதத்தில் அதே அளவுக்குத் தூக்கம் வராது. உடனே, 'டிப்ரஷன் மாத்திரையே கேட்கலை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள்.

சிலருக்கு நோய் திரும்பியிருக்காது, ஆனால் மனசு மரத்துப்போயிருக்கும். அழுகையும் வராது, பேரப்பிள்ளை ஓடி வந்தால் சிரிப்பும் வராது. இது மாத்திரையின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். இதற்குப் பவரைக் கூட்டினால் இன்னும் மரக்கும். எது என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை, அதை ஒளிக்காமல் சொல்வது நம் வேலை. தாம்பத்தியத்தில் வரும் குறைபாடும் இப்படித்தான். இந்த மாத்திரைகளால் பலருக்கு அது வரும், வெளியே சொல்லமாட்டார்கள். ஆண்கள் சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விளம்பரம் பார்த்து ஒரு லேகியம் வாங்குகிறார்கள்.

மூலிகைதானே என்று நினைக்கிறவர்களுக்கு

என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன். 'மூலிகைதானே, என்ன பண்ணிடும்' என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஒன்றும் பண்ணாது என்றால் நோயை மட்டும் எப்படிப் பண்ணும்? சிவன் அமல்பொடி என்று நாங்கள் சொல்லும் சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தை அது குறைப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். பிரஷருக்கு அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். மூளையிலுள்ள செரடோனினை அது வற்றச்செய்வதும் 1955-ல் தெரிந்தது. அந்தச் சோர்வு எவ்வளவு தூரம் ரெசர்பினால் வந்தது என்று பிற்பாடு விவாதம் நடந்தாலும், இன்றைய மனச்சோர்வு மருந்துகளுக்குப் பின்னாலுள்ள சிந்தனைக்கு நம்மூர் மூலிகை ஒரு வேர். அதைத் தூக்கத்துக்கென்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது முரண்.

அமுக்கரா நல்ல மருந்துதான். ஆனால் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், தைராய்டு அளவை மாற்றும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். வென்லாஃபாக்ஸினும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. மிளகு, திப்பிலியிலுள்ள காரச்சத்து சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம், சூரணமாகத் தினமும் சாப்பிடுவதைச் சொல்கிறேன். 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற வெளிநாட்டு மூலிகையை இந்த மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது. நடுக்கம், காய்ச்சல், வியர்வை, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சித்த மருந்து வேண்டுமென்றால் இரண்டு டாக்டருக்கும் தெரிந்து சாப்பிடுங்கள். உங்கள் வைத்தியர், 'அதையெல்லாம் தூக்கிப் போடு' என்று சொன்னால் வேறு வைத்தியரைப் பாருங்கள்.

உடம்பில் வேறு கோளாறு புகுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தைராய்டு குறைந்தால் அசதி, மந்தம், அழுகை எல்லாம் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ரத்தசோகையும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள்! சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பல மருந்துகளைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்துவிடும். இதெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையிலும், மருந்துச் சீட்டுகளை ஒன்றாகக் காட்டுவதிலும் தெரிந்துபோகும்.

"பத்தியம் உண்டா சார்?" என்று கேட்பார்கள். ஒரே பத்தியம்தான், மது. வாரக் கடைசியில் மட்டும் என்றாலும் தூக்கத்தைக் கெடுக்கும், அடுத்த இரண்டு நாள் மனசைக் கீழே இழுக்கும். டியூலாக்ஸெடின் சாப்பிடுகிறவர் புகை பிடித்தால் ரத்தத்தில் மருந்து குறையும்.

இன்னொரு சந்தேகத்தை மனநல டாக்டர்தான் தீர்க்கவேண்டும். முன்பு எப்போதாவது ஒரு வாரம், பத்து நாள், தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக, ஓயாத பேச்சும் கண்மூடித்தனமான செலவுமாக இருந்ததுண்டா? உண்டென்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் போதாது, சில சமயம் கெடுதலும் செய்யும். சம்பந்தப்பட்டவர் இதைச் சொல்லமாட்டார், அதை அவர் நல்ல காலம் என்றுதான் நினைத்திருப்பார். வீட்டிலுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

மாத்திரை சரி, உடம்பும் சரி, ஆனால் வாழ்க்கை மாறியிருக்கும். ஒப்பந்த வேலை முடிந்திருக்கும், வீட்டுக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும், பெண்ணின் வரன் தட்டிப்போயிருக்கும். எந்த மாத்திரையும் தவணை கட்டாது. இங்கேதான் பேச்சு சிகிச்சை உதவுகிறது. 'வெட்டியா பேசறதுக்கு ஃபீஸா' என்கிறார்கள். லேசான, நடுத்தரச் சோர்வுக்கு அது மாத்திரைக்குச் சமமாகவே பலன் தரும்.

டாக்டர் என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார், வேறு மருந்துக்கு மாற்றுவார், லித்தியம் போல இன்னொன்றைத் துணைக்குச் சேர்ப்பார். மிகத் தீவிரமான நிலையில் மயக்கம் கொடுத்துச் செய்யும் மின் சிகிச்சையும் உண்டு, சினிமாவில் காட்டுவதுபோல அல்ல. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் மருந்திலேயே முழுக்கக் குணமானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மருந்தை மாற்றுவது தோல்வி அல்ல, வைத்தியத்தின் நடைமுறையே அதுதான்.

நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி. 1974-ல் உருவான நிம்ஹான்ஸ், பெங்களூரில் ஓசூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது எல்லாச் சீட்டுகளையும், காலி அட்டைகளையும், லேகிய டப்பாவையும்கூட ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, பொருட்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, மாத்திரை தொடங்கிய அல்லது மாற்றிய முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நிலைகொள்ளாமல் தவித்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாக்களையும் அப்புறப்படுத்துங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நைட் ஷிப்ட் இடைவேளையிலும் பேசலாம்.